சைக்கிளுக்குப் பனி காட்டிய நாள்

போன மாதம் வளைகுடாவில் இருக்கும் அல் குசைஸிலிருந்து செந்தில் ஒரு படம் அனுப்பியிருந்தான். நான் பதினேழு வருடம் வேலை பார்த்த சைக்கிள் ஒர்க்ஷாப்பில் இப்போது அவன்தான் மூத்த மெக்கானிக். படத்தில் ஒரு அட்டைப்பெட்டி, அதற்குள் இரண்டு டயர்கள். டயரின் மேல்புறத்து ஒவ்வொரு ரப்பர் கட்டையிலும் ஒரு சின்ன இரும்பு முள் இருந்தது. பனியில் ஓட்டுவதற்கென்றே கம்பெனியில் செய்து வந்த டயர். கூடவே ஒரு குரல் பதிவு: "அண்ணே, ஒரு வெள்ளைக்காரர் குடுத்துட்டுப் போயிருக்காரு. வண்டியில மாட்டி ஊருக்குக் கொண்டு போறாராம். காத்து எவ்வளவு வைக்கணும்? நம்ம கடையிலயே பனிக்கு வண்டி செஞ்ச ஒரே ஆள் நீங்கதான்னு எல்லாரும் சொல்றாங்க."

எவ்வளவு என்று ஒரு வரியில் சொல்லிவிட்டேன். அவன் விடவில்லை. அந்தக் கதையை எழுதி அனுப்புங்கள், கடையில் புதிதாக வந்தவர்களுக்கும் காட்டுகிறேன் என்றான். எனக்குப் படிப்பு ஏழாம் வகுப்போடு நின்றது. இப்போது மதுரையில் மகள் வீட்டு மாடியில் இருக்கிறேன், அதுவும் இன்னும் எத்தனை மாதத்துக்கோ தெரியாது. ஓரிடத்தில் தங்கும் உடம்பு எனக்கு வாய்க்கவில்லை. நேரம் இருக்கும்போதே எழுதிவிடுகிறேன்.

பரமக்குடியில் பஞ்சர் ஒட்டக் கற்றுக்கொண்டு, திருப்பூர், பம்பாய் என்று சுற்றி, முதலில் ஜித்தாவுக்குப் போனேன். ஷரஃபியாவில் ஒரு ஹோட்டலில் சாப்பாட்டுப் பொட்டலம் கொண்டு கொடுக்கும் வேலை. அரிசி மூட்டைகளுக்கு நடுவில் படுக்கை. விசா கொடுத்த முதலாளியான கபீல் பாஸ்போர்ட்டைத் தர மனம் வைத்தபோது மூன்று வருடம் ஆகியிருந்தது. அடுத்து புஜைரா. துறைமுகத்துக் கப்பல்களுக்கு உணவுப் பொருள் அனுப்பும் ஒரு குளிர்கிடங்கில், மைனஸ் இருபதில், கோழிப் பெட்டி தூக்கினேன். விரல் நுனிகளில் தோல் உரிந்து உரிந்து வளரும். வெளியே வந்தால் நாற்பத்தைந்து டிகிரி. இரண்டரை வருடம் அப்படிப் போனது. அங்கிருந்து அல் குசைஸுக்கு வந்து சைக்கிள் ஒர்க்ஷாப்பில் சேர்ந்த பிறகுதான் ஒரே வேலையில் நிலைத்தேன். அதற்குக் காரணம் ரஹ்மத் பாய்.

ரஹ்மத் பாய் எங்கள் ஒர்க்ஷாப்பின் பொறுப்பாளர். பாகிஸ்தானில் வடக்கே மலைப்பக்கத்து ஆள். ஆறடி உயரம், பேச்சு அரையடி. சத்தம் போட்டு ஒருவரைத் திட்டி நான் பார்த்ததில்லை. ஒருவர் முடித்த வேலையில் தப்பு இருந்தால், தகர டப்பாவிலிருந்து ஒரு வாஷரை எடுத்து அவருடைய மேஜையில் வைத்துவிட்டுப் போய்விடுவார். அவ்வளவுதான். நாம்தான் சைக்கிளை மறுபடி கழற்றித் தப்பு எங்கே என்று தேட வேண்டும். கண்டுபிடித்துச் சரிசெய்ததும் வாஷரை அவர் கையில் கொடுக்க வேண்டும். டப்பாவில் போட்டுவிடுவார். அதற்குப் பிறகு அதைப் பற்றிப் பேச்சே கிடையாது.

இன்னொரு வழக்கமும் இருந்தது. சைக்கிளைச் சரிசெய்தவர் சீட்டுக்கு அடியில் டேப் ஒட்டி அதில் தன் பெயரை எழுத வேண்டும். வாடிக்கையாளர் ஏறுவதற்கு முன் அவரே ஓட்டிப் பார்க்க வேண்டும். "பெஹ்லே தும்" என்பார் ரஹ்மத் பாய். முதலில் நீ. குழந்தைகளின் மூன்று சக்கர வண்டியைத் தவிர எல்லாவற்றிலும் நாங்கள் ஏறித்தான் கொடுத்தோம்.

சில வருடங்களுக்கு முன் ஒரு டிசம்பர் மாதம் கலைவாணி என்ற பெண் தன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். திருநெல்வேலிப் பக்கம். ஒரு கிளினிக்கில் நர்ஸ். கூடவே கணவர் முருகேசன். கட்டடங்களுக்கு ஏசி காற்று போகும் டக்ட் வரைந்து கொடுக்கும் வேலையில் இருந்தவர். அவருடைய கம்பெனி மூடிவிட்டது, விசா முடியப் போகிறது. அந்த நேரத்தில் கலைவாணிக்கு கனடாவில் ஒரு சின்ன ஊரில், வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளும் இல்லத்தில் வேலை கிடைத்திருந்தது. முதல் ஆறு மாதம் அவர் மட்டும் போக வேண்டும். அந்த ஆறு மாதத்தில் வேலை உறுதியானால்தான் கணவரும் இரண்டு பிள்ளைகளும் போக முடியும். இல்லையென்றால் எல்லோரும் ஊருக்குத்தான் திரும்ப வேண்டும்.

இல்லத்துக்கும் அவருக்குக் கொடுத்த அறைக்கும் இடையே ஐந்து கிலோமீட்டர். காலை ஆறே முக்காலுக்கு டூட்டியில் நிற்க வேண்டும். அந்த நேரத்துக்கு பஸ் கிடையாது. கார் ஓட்ட லைசென்ஸ் கிடையாது.

"ஒம்பது தடவை டெஸ்டுக்குப் போனா அண்ணாச்சி," என்றார் முருகேசன். "பத்தாவது தடவை இவ பேரைப் பாத்ததும் இன்ஸ்பெக்டர் லீவு போட்டுட்டுப் போயிட்டாரு."

"நீங்க ஆறாவது தடவைதான பாஸானீங்க? அதைச் சொல்லுங்க," என்றார் கலைவாணி. பிறகு என் பக்கம் திரும்பினார். "அண்ணாச்சி, ஸ்கூல்ல குடுத்த சைக்கிள்ல ஆரம்பிச்சது. இன்னைக்கு வரைக்கும் சைக்கிள்ல நான் எங்கயும் லேட்டாப் போனதில்ல. ஆனா அங்க ரோட்டுல அஞ்சு மாசம் பனி கிடக்குமாம். சனிக்கிழமை எறங்குறேன், திங்கக்கிழமை டூட்டி. அங்க போயி கடை தேட நேரம் இல்ல. இதைப் பனியில ஓடுற மாதிரி செஞ்சு தர முடியுமா?"

எங்கள் ஊரில் பனி என்றால் மார்கழிக் காலையில் துண்டைத் தலையில் கட்டிக்கொள்வது. ரஹ்மத் பாயைப் பார்த்தேன். கடையில் பனியைக் கண்ணால் பார்த்தவர் அவர் ஒருவர்தான். எங்கள் மலையில் பனி விழுந்தால் சைக்கிளை மாட்டுத் தொழுவத்தில் போட்டுவிட்டு நடப்போம் என்றார். அவரிடமிருந்து கிடைத்த உதவி அன்றைக்கு அவ்வளவுதான். ஆனால் முடியாது என்று சொல்லவில்லை. சைக்கிளை என் மேஜைப் பக்கம் தள்ளி வைத்தார். விமானத்துக்கு மூன்று வாரம் இருந்தது.

பனி டயர் அப்போது எங்களுக்குத் தெரிந்த கடை எதிலும் இல்லை. முள் எதில் செய்வது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது, டக்ட் தகடுகளைச் சேர்க்கிற ஸ்க்ரூ பற்றி முருகேசன்தான் சொன்னார். அரை அங்குல நீளம், தட்டைத் தலை, கூர் நுனி. அல் குசைஸில் எந்த ஹார்ட்வேர் கடையிலும் கிடைக்கும். டயர் கட்டையின் நடுவே வெளியிலிருந்து மெல்லிய துளை போட்டேன். பிறகு டயரை உள்புறம் வெளியே தெரியும்படி புரட்டி, உள்ளேயிருந்து ஸ்க்ரூவை முறுக்கி நுனியை வெளியே கொண்டு வந்தேன். ஓரத்தில் இரண்டு வரிசை, நடுவில் இரண்டு வரிசை. ஒரு டயருக்கு இருநூறுக்கு மேல். உள்ளே தெரியும் தலைகள் ட்யூபைக் கிழிக்காமல் இருக்க, பழைய ட்யூபை நீளமாக வெட்டி மெத்தை போலப் பரப்பினேன். வெளியே வந்த நுனிகளை ஒரு அரிசி நீளத்துக்கு மட்டும் விட்டு மீதியை கிரைண்டரில் தேய்த்தேன். நீளமாக விட்டால் மடங்கிவிடும்.

மட்கார்டுகளைக் கழற்றினேன். டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் பனி அடைத்தால் சக்கரம் நின்றுவிடும். ரிம்மைப் பிடிக்கிற பிரேக்கை எடுத்துவிட்டு, கேபிளில் இயங்கும் டிஸ்க் பிரேக் போட்டேன். கால் சட்டென்று தரையில் ஊன்றுவதற்காக சீட்டை இறக்கினேன். கை விறைக்காமல் இருக்க என்ன செய்வது என்று நான் கேட்டபோது, பக்கத்துத் தொழிலாளர் கேம்ப்பில் ஒரு டெலிவரி ஆள் கிழிந்துபோன தன் சாப்பாட்டுப் பையைக் கொடுத்தார். பிரியாணி சூடு ஆறாமல் இருக்க உள்ளே வெள்ளித்தாள் வைத்துத் தைத்த பை. அதை வெட்டி ஹேண்டில்பாரின் இரண்டு பக்கமும் உறை போலத் தைத்தேன். கையை உள்ளே விட்டுக்கொண்டே பிரேக் பிடிக்கலாம்.

கடைசியாக கிரீஸ். வளைகுடாவில் கோடையில் சாதாரண கிரீஸ் உருகி ஒழுகிவிடும். அதனால் சூட்டுக்கென்றே வருகிற கெட்டியான பழுப்பு கிரீஸை நாங்கள் வைத்திருப்போம். அதைப் பின்சக்கரத்து ஃப்ரீவீலுக்குள் நிறைய அடைத்து, டிக் டிக் சத்தமே வராமல் செய்து கொடுப்பது எங்கள் கடையின் பெருமை. ஃப்ரீவீலுக்குள் இரண்டு சின்ன உலோக நாக்குகள் உண்டு. தலைமுடி போன்ற ஸ்பிரிங் அவற்றைத் தூக்கி நிறுத்தும். மிதிக்கும்போது அவை பற்களைக் கவ்விச் சக்கரத்தைச் சுற்றும். மிதிக்காதபோது பற்களின் மேல் தட்டிக்கொண்டு போகும், அதுதான் டிக் டிக். கிரீஸ் நிறைந்திருந்தால் சத்தம் அடங்கிவிடும். வெளிநாடு போகிற வண்டி என்பதால் கலைவாணியின் ஃப்ரீவீலில் வழக்கத்தைவிடத் தாராளமாகவே அடைத்தேன். பிரேக் கேபிளுக்குள்ளும் அதையே ஏற்றினேன். சீட்டுக்கு அடியில் டேப் ஒட்டி என் பெயரை எழுதினேன்.

கலைவாணி கடைக்குள் ஒரு தடவை தள்ளிப் பார்த்தார். "சத்தமே இல்லையே அண்ணாச்சி," என்றார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

ரஹ்மத் பாய் மட்டும் சைக்கிளைச் சுற்றிச் சுற்றி நடந்தார். பிறகு "பெஹ்லே தும்" என்றார்.

எங்கே ஓட்டுவது? ஒரு மாலில் பனி விளையாட்டு இடம் இருந்தது. முள் வைத்த டயரோடு வாசல் பக்கமே விடமாட்டேன் என்றார் அங்கிருந்த செக்யூரிட்டி. அப்போதுதான் எனக்கு என் பழைய குளிர்கிடங்கு ஞாபகம் வந்தது. அங்கிருந்த ஸ்டோர்கீப்பர் இன்னும் என்னை மறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை லோடு இல்லாத நேரத்தில் வாருங்கள் என்றார். வெள்ளிக்கிழமை கலைவாணிக்கு விமானம். கடையின் பிக்கப்பில் சைக்கிளை ஏற்றி, நாங்கள் நான்கு பேரும் மலைகளுக்கு நடுவில் புஜைராவுக்குப் போனோம்.

காலை ஒன்பது மணிக்குச் சைக்கிளைக் கோழிப் பெட்டிகளுக்கு நடுவில் நிறுத்திக் கதவை மூடினோம். நான்கு மணி நேரம் அது உள்ளேயே நிற்க வேண்டும் என்பது ரஹ்மத் பாயின் கட்டளை. அந்த ஊரில் சைக்கிளும் ராத்திரி முழுக்க வெளியேதானே நிற்கும் என்றார். அதற்குள் நான் கிடங்குச் சுவர்களில் படிந்த உறைபனியைச் சுரண்டி எடுத்து, பெட்டி அடுக்குகளுக்கு நடுவே இருந்த நீளமான வழியில் பரப்பினேன். பழைய வேலைதான், கை மறக்கவில்லை. மீன் பெட்டிகளுக்குப் போடும் பொடி ஐஸையும் இரண்டு தள்ளுவண்டி நிறையக் கொண்டுவந்து கொட்டினோம். ஒரு மூலையில் தண்ணீரை ஊற்றிக் கண்ணாடி போல உறையவிட்டேன்.

ஒரு மணிக்கு, கிடங்கு ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு நான் சைக்கிளில் உட்கார்ந்தேன். கலைவாணியும் முருகேசனும் கதவருகே நின்றார்கள். வலது காலால் அழுத்தி மிதித்தேன். கால் அப்படியே கீழே போனது. சங்கிலியே இல்லாத மாதிரி பெடல் வெறுமனே சுற்றியது. உடம்பு எடை முழுவதும் அந்தக் காலில் இருந்ததால் முன்னால் சரிந்து விழுந்தேன். முழங்கால் சிமெண்டில் இடித்தது. எழுந்து இன்னொரு தடவை மிதித்தேன். அப்போதும் பெடல் சுற்றியது, சக்கரம் நகரவில்லை. பிரேக்கைப் பிடித்தேன். லீவர் உள்ளே போனது, திரும்பி வரவில்லை.

கலைவாணியைப் பார்த்தேன். அப்படி ஒரு முகத்தை நான் ஏர்போர்ட்டில்தான் பார்த்திருக்கிறேன், விசாவில் தப்பு இருக்கிறது என்று திருப்பி அனுப்பப்படுகிறவர்களிடம்.

"அங்க காலையில ஆறு மணிக்கு இப்படி ஆயிருந்தா," என்று மெதுவாகச் சொன்னார், "நான் யாரைக் கூப்பிட்டிருப்பேன் அண்ணாச்சி?"

சீட்டுக்கு அடியில் என் பெயர் இருந்தது.

சைக்கிளை வெளியே எடுத்து வராண்டாவில் கவிழ்த்துப் போட்டோம். ஃப்ரீவீலைத் திறந்தேன். ரஹ்மத் பாய் உள்ளே விரலை விட்டு எடுத்தார். கிரீஸ் மெழுகு போல விரலோடு வந்தது. இரண்டு நாக்குகளும் அதற்குள் படுத்த நிலையில் ஒட்டிக் கிடந்தன. அந்த மெல்லிய ஸ்பிரிங்கால் அவற்றைத் தூக்க முடியவில்லை. எங்கள் மலையில் பனிக்காலத்தில் லாரிக்கு அடியில் நெருப்பு மூட்டி, எண்ணெயை இளக்கித்தான் ஸ்டார்ட் பண்ணுவார்கள், சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன், எனக்கே தோன்றவில்லையே என்றார் அவர். அவரிடமிருந்து அத்தனை வார்த்தைகளை நான் மொத்தமாகக் கேட்டது அன்றுதான். பாலைவனத்துக்கு ஏற்ற வண்டியைச் செய்து அதற்குப் பனி டயர் மாட்டியிருந்தோம், அவ்வளவுதான் நடந்திருந்தது.

அவர் சட்டைப் பையில் எப்போதும் நான்கைந்து வாஷர்கள் கிடக்கும். இரண்டை எடுத்தார். ஒன்றை என் கையில் வைத்தார். இன்னொன்றை எனக்குக் காட்டிவிட்டுத் தன் பையிலேயே திரும்பப் போட்டுக்கொண்டார். பதினேழு வருடத்தில் அவர் தனக்கென்று வாஷர் எடுத்ததை அந்த ஒரு தடவைதான் பார்த்தேன்.

கெட்டிக் கிரீஸ் முழுவதையும் டீசலில் கழுவி எடுத்தேன். கேபிளை உருவித் துடைத்து, உள்ளே எதுவும் போடாமல் காய்ந்ததாகவே விட்டேன். நாக்குகளுக்கு ஏதாவது எண்ணெய் வேண்டும், ஆனால் கெட்டியாகாத எண்ணெய். அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது கிடங்கின் ஏசி மெக்கானிக், ஒரு மலையாளி, டீ குடித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். "சேட்டா, நம்ம கம்ப்ரசரிலே ஊத்துற ஓயில் எந்தத் தணுப்பிலும் உறையில்லல்லோ," என்றார். அந்த இடம் முழுக்கக் குளிர்ந்திருப்பதே அந்த எண்ணெய் உறையாமல் ஓடுவதால்தான். இரண்டரை வருடம் அதற்குப் பக்கத்திலேயே நின்றவன் நான். ஒவ்வொரு நாக்குக்கும் இரண்டு சொட்டு விட்டேன். சக்கரத்தைச் சுற்றினேன். டிக் டிக் டிக் என்று சத்தம் வந்தது. அந்தச் சத்தத்தை அடக்குவதற்கு நான் எத்தனை கிரீஸ் டப்பாக்களைக் காலி பண்ணியிருப்பேன் என்று நினைத்துக்கொண்டேன்.

வெளியே எடுத்த உடனேயே டயரின் காற்றையும் அளந்திருந்தேன். அல் குசைஸில் இருபத்தைந்து பவுண்டு வைத்தது, கிடங்குக்குள் நின்றதில் பத்தொன்பதுக்கு இறங்கியிருந்தது. செந்தில், நீ கேட்ட கேள்விக்கு முழுப் பதில் இங்கேதான் இருக்கிறது. கடைக்குள் வைக்கிற காற்று பனிக்குள் நிற்காது. அதையும் கணக்கில் சேர்த்து வை. அதோடு, டயரில் எழுதியிருப்பதைவிடக் குறைவாக இருந்தால்தான் டயர் அகன்று பனியைப் பிடிக்கும்.

சைக்கிள் மறுபடியும் கோழிப் பெட்டிகளுக்கு நடுவே போனது. நாங்கள் பக்கத்து டீக்கடையில் பரோட்டா சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருந்தோம். முருகேசன் அதற்குள், இது சரிவரவில்லையென்றால் பிள்ளைகளை எந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பது என்று ஊருக்கு ஃபோன் பண்ணி விசாரித்துக்கொண்டிருந்தார். கலைவாணி அவர் கையிலிருந்து ஃபோனை வாங்கி அணைத்தார்.

"ஆறு மணி ஆகட்டும்," என்றார்.

ஆறு மணிக்கு நான் ஏறினேன். இந்தத் தடவை முதலில் ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு, மெதுவாக மிதித்தேன். பெடல் கவ்வியது. சக்கரம் நகர்ந்தது. ஸ்க்ரூ நுனிகள் ஐஸைக் குத்துவது பொரி பொரிகிற மாதிரி கேட்டது. வழியின் கடைசி வரை போனேன், திரும்பினேன். கண்ணாடி மூலையில் ஏறிப் பிரேக் பிடித்தேன். லீவர் உள்ளே போய் உடனே திரும்பியது. சைக்கிள் நின்றது. இறங்கியபோதுதான் முழங்கால் வலிப்பதே தெரிந்தது.

அதற்குப் பிறகு கலைவாணி ஏறினார். சுடிதாருக்கு மேல் ஆள் உயர ஜாக்கெட், பிரியாணிப் பை உறைக்குள் கைகள். அவர் ஓட்டியதைப் பார்த்த பிறகுதான் நான் எவ்வளவு மோசமாக ஓட்டினேன் என்று தெரிந்தது. வளைவில் உடம்பைச் சாய்க்காமல் நேராகவே திரும்பினார். முன்பிரேக்கைத் தொடவில்லை. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. எட்டுத் தடவை போய்த் திரும்பினார். மூக்கு நுனி சிவந்துவிட்டது.

"இன்ஸ்பெக்டர் பாத்திருந்தா இதுக்கே லைசென்ஸ் குடுத்திருப்பாரு," என்றார் முருகேசன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டது குளிரால் என்றே வைத்துக்கொள்வோம்.

ரஹ்மத் பாய் ஒரே ஒரு விஷயம் சொன்னார். இந்தியில் சொன்னதை நான் தமிழில் சொன்னேன். பனி வெள்ளையாக இருந்தால் பயப்படாதே, ஓட்டு. தரை பளபளவென்று இருந்தால் இறங்கி நட. இறங்குவதில் கௌரவக் குறைச்சல் இல்லை. கலைவாணி அதை ஃபோனில் எழுதி வைத்துக்கொண்டார்.

அடுத்த மூன்று நாளும் மாலையில் கடைக்கு வந்து, பெடலைக் கழற்றவும் பூட்டவும், ஹேண்டில்பாரைத் திருப்பிப் பெட்டியில் வைக்கவும், மறுபடி நிமிர்த்தி முறுக்கவும் கற்றுக்கொண்டார். கம்ப்ரசர் எண்ணெயைச் சின்னச் சீசாவில் ஊற்றிக் கொடுத்தேன். வெள்ளிக்கிழமை சைக்கிள் போய்விட்டது.

அதற்குப் பிறகு எனக்குச் சரியாகத் தூக்கம் இல்லை. எத்தனையோ வண்டி செய்து கொடுத்திருக்கிறேன், கடை வாசலைத் தாண்டியதும் மறந்துவிடுவேன். இது மறக்கவில்லை. ஒரு ஸ்க்ரூ தலை ட்யூபைக் கிழித்தால்? கோழிக் கிடங்கில் காற்று அடிக்காது, அங்கே அடித்தால்? சனிக்கிழமை போனது, ஞாயிறு போனது. திங்கட்கிழமை காலை முழுக்க ஃபோனை மேஜை மேலேயே வைத்திருந்தேன். ரஹ்மத் பாய் வழக்கத்துக்கு மாறாக என் மேஜைப் பக்கம் நான்கு தடவை வந்து ஸ்பேனர் தேடினார். அவர் மேஜையில் ஸ்பேனர் இருந்தது.

சாயங்காலம், அங்கே அதிகாலை ஆகும் நேரத்தில், குரல் பதிவு வந்தது. ரஹ்மத் பாயும் கேட்கட்டும் என்று சத்தமாக வைத்தேன். முதலில் மூச்சு வாங்கும் சத்தம். பிறகு:

"அண்ணாச்சி, ரெண்டு எடத்துல எறங்கி நடந்தேன். பளபளன்னு இருந்துச்சு. மத்தபடி வண்டி நல்லா வந்துட்டு. ஆறரைக்கே வந்து சேந்துட்டேன். இப்பதான் செட்டுக்குள்ள கொண்டு நிறுத்தப் போறேன். அவுகளுக்கும் சொல்லிட்டேன். நீங்க பாய்கிட்ட சொல்லிருங்க."

பேச்சு முடிந்த பிறகும் பதிவு ஓடிக்கொண்டிருந்தது, அணைக்க மறந்துவிட்டார் போல. பனியை மிதிக்கும் பூட்ஸ் சத்தம். கூடவே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகும் சத்தம்: டிக், டிக், டிக், டிக்.

ரஹ்மத் பாய் தலையைச் சாய்த்து அதைக் கடைசி வரை கேட்டார். பிறகு சட்டைப் பையில் கைவிட்டு ஒரு வாஷரை எடுத்தார். எட்டு நாளாகச் சட்டை மாற்றும்போதெல்லாம் அதையும் மாற்றி வைத்திருக்கிறார். இன்னொரு கையை என் முன் நீட்டினார். என்னுடையதை நான் பர்ஸில் வைத்திருந்தேன். எடுத்துக் கொடுத்தேன். இரண்டையும் தகர டப்பாவில் போட்டார்.

"யல்லா," என்றார், வேலையைப் பார்ப்போம் என்று. வாசலில் ஒரு ஆள் பஞ்சரான சைக்கிளோடு வெகுநேரமாக நின்றுகொண்டிருந்தார்.